மயக்க ஊசிக்கு முன்னும் பின்னும்: வடசென்னை அறுவை வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

அறுவை வார்டில் வேலைக்குச் சேருகிற செவிலியர் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ளும் வாக்கியம் ஒன்று உண்டு: “பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது.” சீனியர் சிஸ்டரும் அதைத்தான் சொல்கிறார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரும் அதைத்தான் சொல்கிறார். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மாவும் அதையே சொல்லிவிட்டுப் போகிறார். படுத்திருப்பவருக்கு மட்டும் பயம் அப்படியே இருக்கிறது. அந்த வாக்கியத்தில் அவருக்கு வேண்டிய தகவல் எதுவும் இல்லையே.

அடுத்து என்ன நடக்கும், அப்போது உடம்பில் என்ன தெரியும், பக்கத்தில் யார் இருப்பார்கள். இந்த மூன்றையும் உண்மையாக, கொஞ்சம் கொஞ்சமாக, அது நடப்பதற்குச் சற்று முன்னால் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. 1964-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வயிற்று அறுவைக்கு வந்தவர்களில் ஒரு பிரிவினரிடம் வலி எங்கே வரும், ஏன் வரும், எப்படித் திரும்பிப் படுத்தால் குறையும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். அறுவைக்குப் பிறகு அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து, மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழப் பாதிதான்.

ஸ்டான்லி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனை, தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூரின் சின்ன நர்சிங் ஹோம்கள் என்று எங்கே போஸ்டிங் கிடைத்தாலும் கீழே உள்ள வரிசை பொருந்தும். மருந்து, அளவு, நேரம் எல்லாம் மயக்க மருத்துவரும் உங்கள் வார்டின் எழுத்துபூர்வ உத்தரவும் சொல்கிறபடி. இங்கே பேசுவது மனுஷரைப் பற்றி.

முதல் படி: முந்தின நாள் சாயங்காலம், கட்டில் பக்கத்தில்

“பயமா இருக்கா?” என்று கேட்காதீர்கள். காசிமேட்டில் படகு ஏறுகிற ஆள், “எனக்கு இன்னா பயம் சிஸ்டர், கடலையே பாத்தவன் நானு” என்று சொல்லிவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடப்பார். அதைவிட நல்ல கேள்வி: “மயக்க ஊசியைப் பத்தி என்ன கேள்விப்பட்டிருக்கீங்க?” இப்படிக் கேட்டால் பயத்தைத் தன் பயம் என்று ஒப்புக்கொள்ளாமலே சொல்லிவிடலாம். மச்சானுக்கு இப்படி ஆச்சாம், எதிர் வீட்டு அக்கா அப்படிச் சொன்னாங்களாம் என்று ஆரம்பிப்பார். அதில் அவருடைய பயமும் இருக்கும்.

சிலர் வேறு கேள்வியாகக் கேட்பார்கள். “பசங்க ரெண்டும் சின்னதுங்க சிஸ்டர்.” “நாளைக்கு அஷ்டமியாமே?” “ஆபரேஷன் எவ்ளோ நேரம் ஆவும்?” மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: திரும்பி எழுந்திருப்பேனா? அஷ்டமியைக் கேட்டுச் சிரித்துவிட்டால் அதோடு அவர் வாயை மூடிக்கொள்வார். அப்புறம் நெஞ்சுவலி வந்தாலும் உங்களிடம் சொல்லத் தயங்குவார்.

அடிக்கடி வரும் பயங்கள் நாலைந்துதான்.

மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவே மாட்டேனோ என்பது முதலாவது. இதற்கு நான் கண்டவரை வேலை செய்கிற பதில் இது: “ஊசியைப் போட்டுட்டு மயக்க டாக்டர் வெளிய போயிட மாட்டாரு. ஆபரேஷன் முடியற வரைக்கும் உங்க தலைமாட்டுலயே இருந்து மூச்சு, பிரஷர், ஆக்சிஜன் எல்லாத்தையும் பார்த்துட்டே இருப்பாரு. முடிஞ்சதும் மருந்தை நிறுத்துவாரு, நீங்க முழிச்சுக்குவீங்க.” பலருக்கு இது புதுச் செய்தி. ஊசி போட்டுவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விடுவார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஆபத்தே கிடையாது என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். இதய நோயோ ஆஸ்துமாவோ இருக்கிறவர் குறிப்பாகக் கேட்டால், “அதை மயக்க டாக்டர்கிட்டயே கேட்டுடலாம், ரவுண்ட்ஸ் வரும்போது நான் ஞாபகப்படுத்தறேன்” என்று சொல்லி, அதன்படியே ஞாபகப்படுத்துங்கள்.

நடுவில் விழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது அடுத்தது. முழு மயக்கத்தில் அப்படி நடப்பது மிக அபூர்வம். 2014-இல் வந்த பிரிட்டன், அயர்லாந்து ஆய்வு சுமார் 19,000 பேரில் ஒருவர் என்று சொன்னது. ஆனால் ஸ்பைனல், அதாவது முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைப்பது, போடப் போகிற நோயாளியிடம் “உங்களுக்கு எதுவுமே தெரியாது” என்று சொல்லிவிட்டீர்களானால் நீங்கள்தான் அந்தப் பயத்தை உண்டாக்குகிறீர்கள். அவர் முழித்துக்கொண்டுதான் இருப்பார், சத்தம் கேட்கும், யாரோ தொடுவதும் அழுத்துவதும் தெரியும். முதலில் கேஸ் ஷீட்டைப் பார்த்து என்ன வகை மயக்கம் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

“மயக்கத்துல எத்தையாவது ஒளறிட்டேன்னா?” இதைப் பெரும்பாலும் ஆண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். தெளியும்போது சிலர் நாலு வார்த்தை முணுமுணுப்பது உண்டு. அதை அங்கே யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை, வெளியே போய்ச் சொல்வதும் இல்லை. இதைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும்.

முதுகில் ஊசி போட்டால் வாழ்நாள் முழுக்க இடுப்புவலி என்பது ஆர்.எஸ்.ஆர்.எம். பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் கிடைக்கும் செய்தி. குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். வருஷக்கணக்கான இடுப்புவலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. கர்ப்பத்தில் இடுப்பில் ஏறும் பாரம், குனிந்தபடியே பால் கொடுப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் சேர்ந்து வரும் வலி, பழியை ஊசி மேல் போட்டுவிடுகிறது. சிலருக்குத் தலைவலி வரலாம் என்பது உண்மை, அதை மறைக்க வேண்டாம். பின்னால் அதற்கு வருகிறேன்.

குடியைப் பற்றிய கேள்வியை மனைவி, மாமியார், பக்கத்துக் கட்டில்காரர் எல்லாரும் இருக்கும்போது கேட்டால் “அதெல்லாம் இல்ல” என்றுதான் பதில் வரும். தனியாக இருக்கும்போது, “திட்டறதுக்குக் கேக்கல. தினம் குடிக்கிறவங்களுக்கு மயக்க மருந்து கணக்கு மாறும், நிறுத்தின ரெண்டு மூணு நாள்ல கை நடுக்கம், குழப்பம் வரலாம். டாக்டருக்குத் தெரிஞ்சா முன்னாடியே மருந்து போடுவாரு” என்று சொல்லிக் கேளுங்கள். ஹான்ஸ், கஞ்சாவுக்கும் இதே முறைதான். துறைமுகத்திலும் லாரி ஷெட்டிலும் உழைத்துவிட்டு வருகிற மனுஷர், நீங்கள் நியாயம் பேச வரவில்லை என்று தெரிந்தால் உண்மையைச் சொல்வார்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது என்று இருந்தாலும் நோயாளி, “என்னா ஆபரேஷன்னு தெரியல, போடச் சொன்னாங்க போட்டேன்” என்றால் நீங்களே விளக்க முயல வேண்டாம். அது டாக்டரின் வேலை. அவரைத் திரும்ப வரவழைப்பது உங்கள் வேலை. ராயபுரத்திலும் மண்ணடியிலும் உருது பேசுகிற பெண்கள், மணலி, எண்ணூர் பக்கம் வேலைக்கு வந்த இந்திக்காரப் பையன்கள், தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மொழி தெரிந்த ஊழியர் யாராவது வார்டில் இருப்பார், கூப்பிடுங்கள்.

இரண்டாம் படி: பட்டினி

இதில் மனசுக்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். நிறைய இருக்கிறது. “எதுவும் சாப்பிடக் கூடாது” என்று மட்டும் சொல்வது ஒரு தண்டனை மாதிரி கேட்கும். காரணத்தைச் சொன்னால் அவரும் அந்த வேலையில் பங்காளியாகிவிடுவார்: மயக்கத்தில் இருமல் வராது, வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

பொதுவான கணக்கு இது. இட்லி, பன், பிஸ்கட், பால் சேர்த்த டீ என்றால் 6 மணி நேரம். பிரியாணி, வறுவல் போல எண்ணெயும் கறியும் சேர்ந்தது என்றால் 8 மணி நேரமோ அதற்கு மேலோ. தாய்ப்பால் 4 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம். சுகர், பிரஷர் மாத்திரைகளைப் பற்றி மயக்க மருத்துவர் எழுதியிருப்பார்.

காலையில் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் போதாது. “நாஸ்டா துன்னல சிஸ்டர்” என்பார், அது உண்மைதான். கேட் பக்கத்து டீக்கடையில் ஒரு டீயும் பொறையும் உள்ளே போயிருக்கும். இங்கே டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. டீ, பிஸ்கட், வாயில் அடக்கின பாக்கு, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு முன், “குடிச்சிருந்தாலும் பரவால்ல, நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம், ஆனா எங்களுக்குத் தெரியணும்” என்று சொல்லுங்கள். திட்டு வாங்குவோமோ, கேஸைத் தள்ளிப்போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் மறைக்கிறார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு ஒரு நாள் தள்ளிப்போவது சின்ன விஷயம் இல்லை.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ராத்திரி 12 மணிக்கு மேல் தண்ணீர்கூட வேண்டாம் என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிடுகிற பழக்கம். லிஸ்டில் கடைசிப் பெயர்காரர் மத்தியானம் 2 மணி வரை நாக்கு வறண்டு படுத்திருப்பார். தியேட்டருக்கு ஒரு போன் போட்டு, “அஞ்சாவது கேஸுக்கு இப்ப தண்ணி குடுக்கலாமா சார்?” என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகும். அவர் சரி என்றால், மே மாத வெயிலில் அந்த ஒரு டம்ளர் தண்ணீர் எந்த ஆறுதல் வார்த்தையைவிடவும் மேலானது.

மூன்றாம் படி: கழற்றி வைக்கும் நேரம்

புதிதாக வருகிறவர்கள் அவசரமாகக் கடந்துபோகிற கட்டம் இது. வளையல், மெட்டி, மூக்குத்தி, அரைஞாண், தாயத்து, எல்லாவற்றுக்கும் மேல் தாலி. தீய்க்கும் கருவியால் உலோகம் படும் இடத்தில் சுட்டுவிடலாம், விரல் வீங்கினால் மோதிரம் இறுக்கும், தொலைந்துபோனால் பிரச்சினை என்று காரணங்கள் நமக்குத் தெரியும். கட்டிலில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தாலியைக் கழற்றுவது எப்போது நடக்கும் என்பது.

அதனால் “நகையெல்லாம் கழட்டுங்க” என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். மற்றதை முதலில் வாங்கிவிட்டு, தாலிக்குத் தனியாக நேரம் கொடுங்கள். திரையை இழுத்துவிட்டு, அம்மாவையோ வீட்டுக்காரரையோ பக்கத்தில் நிற்க வையுங்கள். மஞ்சள் கயிறாக இருந்தால் பொன்னை மட்டும் எடுத்துவிட்டுக் கயிற்றோடு போகலாமா என்று தியேட்டர் சிஸ்டரிடம் கேளுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். செயின் என்றால், கழற்றும் முன் ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள நேரம் கொடுங்கள். வெளியே எந்தப் பூஜைச் சாமான் கடையிலும் கிடைக்கும், முந்தின நாளே சொன்னால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கழற்றியதை அவர் கண் முன்னாலேயே அவர் சொல்கிற ஆளிடம் கொடுத்து, பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். “யாருகிட்ட குடுத்தாங்க?” என்ற கவலையோடு மேசையில் ஏறக் கூடாது.

தலையை மூடுகிற பெண்களிடம் துணியை எடுக்கச் சொல்லும் முன் தியேட்டர் தொப்பியைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஒன்று போதாது என்றால் இரண்டு. கவுனுக்கு மேல் போர்வை போடாமல் எந்தப் பெண்ணையும் வராந்தாவில் தள்ளிக்கொண்டு போகாதீர்கள், எந்த ஆணையும்தான். லிஃப்டுக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே முதுகு திறந்த கவுனில் கிடப்பது எவ்வளவு பெரிய வேதனை என்பதை நோயாளிகள் வெளியே சொல்வதில்லை. ஜெபமாலையோ விபூதியோ வேண்டும் என்றால் தியேட்டர் வாசல் வரை அனுமதிக்கலாம். ஊசி போடும் இடத்திலோ அறுவை நடக்கும் இடத்திலோ படாமல் இருந்தால் போதும்.

கண்ணாடியையும் காது மெஷினையும் கடைசி வரை விட்டுவையுங்கள். அவை இல்லாத வயதானவருக்கு நாம் சொல்வது எதுவும் போய்ச் சேராது. எடுத்தவுடன் பெயர் எழுதி, மயக்கம் தெளியும் வரை வைத்துப் பார்க்கிற ரெக்கவரி ரூமுக்கு முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

நான்காம் படி: தியேட்டருக்குள்

உள்ளே குளிரும் என்று சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் குளிரில் வரும் நடுக்கத்தைத் தன் பயம் என்று நினைத்து இன்னும் பயப்படுவார்.

மயக்கத்துக்கு முன் பெயர், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியலின் வேலை அது. ஆனால் படுத்திருப்பவர், “எந்தக் காலுன்னே இவங்களுக்குத் தெரியலையா?” என்று கலங்கிவிடுகிறார். “எல்லாரையும் நாலு தடவை கேப்போம், தப்பு நடக்கக் கூடாதுன்னுதான்” என்று வார்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

ஊசி போடும்போது நாம் எல்லாரும் சொல்வது “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்.” இதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 2010-இல் வந்த ஓர் ஆய்வில், முதுகில் மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன் ஒரு பிரிவுக் கர்ப்பிணிகளிடம் பெரிய தேனீ கொட்டுவது போல் இருக்கும் என்றும், இன்னொரு பிரிவினரிடம் மருந்து அந்த இடத்தை மரத்துப்போக வைக்கும், வசதியாக இருக்கும் என்றும் சொன்னார்கள். தேனீயைக் கேட்டவர்களுக்கு வலி அதிகமாகத் தெரிந்தது. ஆக, “இப்ப மரத்துப் போற மருந்து போடறாங்க, ஒரு அழுத்தம் தெரியும், அப்படியே குனிஞ்சு உக்காருங்க, நான் பிடிச்சிருக்கேன்” என்பது போதும். வலிக்கவே வலிக்காது என்ற பொய்யும் வேண்டாம்.

ஸ்பைனல் போட்ட சில நிமிஷத்தில் கால் சூடாகி, கனத்து, அசைக்க முடியாமல் போகும். பிரஷர் இறங்கினால் குமட்டும், தலை சுற்றும். நெஞ்சு வரை மரத்தால் மூச்சு விடுவதே தெரியாதது போல் இருக்கும். “குமட்டினா உடனே சொல்லுங்க, அதுக்கு மருந்து இருக்கு” என்பதை முன்னமே சொல்லியிருந்தால் அது ஓர் அறிகுறி. சொல்லாவிட்டால் அவர் சாகப்போவதாகவே நினைப்பார். மூச்சு முட்டுகிறது என்று அவர் சொன்னால் ஆறுதல் சொல்லிக்கொண்டு நிற்காமல் முதலில் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிசேரியனில் தலைமாட்டில் ஒரு முகம் இருப்பது முக்கியம். வயிற்றில் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியக் கூடாது, தெரிந்தால் சொல்ல வேண்டும் என்று பிரித்துச் சொல்லுங்கள். குழந்தை வெளியே வந்தும் சில நொடி அழுகைச் சத்தம் கேட்காவிட்டால் தாயின் கண் உங்கள் முகத்தைத்தான் தேடும். “குழந்தை டாக்டர் பார்த்துட்டு இருக்காங்க, நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்று நடப்பதைச் சொல்லுங்கள். தெரியாததைச் சொல்ல வேண்டாம்.

வடசென்னையில் கைக்காயம் அதிகம். பட்டறை, பிரஸ் மெஷின், படகின் வின்ச் என்று விரல் நசுங்கி வருகிறவர்களுக்கு ஸ்டான்லியின் கை அறுவைப் பிரிவு பெயர் பெற்றது. அங்கே பல நேரம் கழுத்துப் பக்கத்திலோ காறை எலும்புக்கு மேலோ அக்குளிலோ ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைப்பார்கள். இதில் ஒரு விசித்திரம்: கை மேசையில் கிடக்கும்போதே அது மேலே தூக்கியபடி நிற்பதாக நோயாளிக்குத் தோன்றலாம். தன் கையை யாரோ தூக்குவதைப் பார்த்து அது யாருடைய கை என்று திகைப்பவரும் உண்டு. சில வகை ஊசியில் அந்தப் பக்கத்து இமை கொஞ்சம் இறங்கலாம், குரல் கம்மலாம். எல்லாமே மருந்து இறங்கும்போது சரியாகும் என்று முன்பே சொல்லுங்கள்.

“விரல் நிக்குமா சிஸ்டர்?” என்று கேட்பார். நிற்கும் என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை. “உள்ள பார்த்துட்டுத்தான் டாக்டரால சொல்ல முடியும். முடிஞ்சதும் அவரே வந்து உங்ககிட்ட பேசற மாதிரி நான் பார்த்துக்கறேன்.”

ஐந்தாம் படி: கண் திறக்கும்போது

ரெக்கவரியில் ஒரே ஒரு சட்டம்: முதலில் பார், பிறகு தேற்று. நோயாளி கை காலை உதைத்து, மாஸ்க்கைப் பிடுங்கி, எழுந்து ஓடப் பார்த்தால் அதைப் பயம் என்று நினைத்துத் தலையைத் தடவிக்கொண்டிருக்காதீர்கள். ஆக்சிஜன் எவ்வளவு, மூச்சு சரியா, பிரஷர் என்ன, சுகர் என்ன, வலியா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா. ஆக்சிஜன் குறைந்தால் மனுஷர் முதலில் காட்டுவது பதற்றத்தைத்தான். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பேச்சு.

தெளியத் தொடங்குகிறவருக்குக் கண் திறக்கும் முன்பே காது கேட்க ஆரம்பித்திருக்கலாம். அதனால் கட்டிலுக்கு மேலே நின்று அடுத்த கேஸைப் பற்றியோ டியூட்டி சண்டையைப் பற்றியோ பேசாதீர்கள். முகத்துக்கு நேரே வந்து, பெயர் சொல்லி: “ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. நீங்க ரெக்கவரி ரூம்ல இருக்கீங்க. மணி பன்னெண்டு. நான் பக்கத்துலயே இருக்கேன்.” இதை மூன்று நான்கு முறை சொல்ல வேண்டிவரும். மிடசோலம் என்ற தூக்க மருந்து போட்டவர்களுக்கு அப்போது கேட்டது நினைவில் தங்காது. “இப்பத்தான சொன்னேன்?” என்று சலித்துக்கொள்ளாமல் புதிதாகச் சொல்வது போலவே சொல்லுங்கள். டாக்டர் ரெக்கவரியில் வந்து சொன்ன முக்கியமான செய்தியையும் வார்டில் இன்னொரு முறை சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

சிலர் காரணமே இல்லாமல் அழுவார்கள். கண்ணீர் பாட்டுக்கு வழியும், கேட்டால் “தெரியல” என்பார்கள். வலி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, “மயக்கம் தெளியும்போது நிறைய பேருக்கு இப்படி வரும்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துவிட்டால் போதும். ஆணாக இருந்தால் திரையையும் இழுத்துவிடுங்கள்.

கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்தவர்களுக்குக் கெட்ட கனவும் இல்லாதது தெரிவதும் உண்டு. விளக்கைக் குறைத்து, சத்தம் குறைத்து, ஒரே ஆள் மெதுவாகப் பேசுங்கள். அவர் பார்ப்பதை இல்லை என்று வாதாட வேண்டாம்.

குழந்தைகளில், முக்கியமாகப் பள்ளிக்குப் போகாத வயதில், மயக்கம் தெளியும்போது அம்மாவையே அடையாளம் தெரியாதது போல் கத்தி உதறுவது நடக்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் முன்னமே சொல்லாவிட்டால் அம்மா, “புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று அலறுவார், அதைக் கேட்டுக் குழந்தை இன்னும் கத்தும். எனவே தயார்செய்ய வேண்டியது அம்மாவை. முடிந்த இடத்தில் அவரை உள்ளே அனுமதிக்கக் கேளுங்கள். மயக்க மாஸ்க் ஒன்றை முந்தின நாள் குழந்தையின் கையில் கொடுத்து விளையாட விடுவதும் உதவும்.

வயதானவர்களில் கவனிக்க வேண்டியவர் கத்துகிறவர் மட்டும் இல்லை, சத்தமே இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவரும்தான். “தாத்தா தூங்கறாரு” என்று விட்டுவிடுவோம். அது குழப்ப நிலையாக இருக்கலாம். என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடி, காது மெஷின், பல்செட், பழகின குரல் ஒன்று, பகலில் வெளிச்சம், ராத்திரியில் தூக்கம் எல்லாம் திரும்பக் கிடைக்க வேண்டும். திடீரென்று மாறியிருந்தால் டாக்டருக்குச் சொல்லுங்கள்.

எதிர்பாராத செய்தி இருக்கும் கேஸ்களில், அதாவது விரலை எடுக்க வேண்டிவந்தது, கட்டி நினைத்தது போல் இல்லை என்பது போன்றவற்றில், “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது” என்ற பழக்கமான வாக்கியம் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. “ஆபரேஷன் முடிஞ்சுது, டாக்டர் வந்து பேசுவாரு” என்று நிறுத்திக்கொண்டு, போய் டாக்டரைக் கூட்டிவாருங்கள். அவர் பேசும்போது பக்கத்தில் நில்லுங்கள். அவர் போன பிறகும் இருங்கள், கேள்வி அப்போதுதான் வரும்.

ஆறாம் படி: கதவுக்கு வெளியே நிற்பவர்கள்

உள்ளே ஒருவர், வெளியே பத்துப் பேர். ஒரு மணி நேர ஆபரேஷன் என்று சொல்லி உள்ளே போனவர் மூன்று மணி நேரமாக வரவில்லை என்றால் வெளியில் கதை வேறு மாதிரி போய்க்கொண்டிருக்கும். ஊசி போட, தெளிய, ரெக்கவரியில் பார்க்க எல்லாம் சேர்த்து நேரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் ஒரு முறை வெளியே வந்து, “இன்னும் நடந்துட்டு இருக்கு” என்று சொன்னால்கூடப் போதும். ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னால் அது முன்னெச்சரிக்கையா, இப்போதே வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வார்டுக்கு வந்ததும் கன்னத்தைத் தட்டி எழுப்புவது, சோடா ஊற்றுவது, சுற்றி நின்று ஒப்பாரி வைப்பது மூன்றையும் தடுக்க வேண்டும். தடுப்பதற்கு நல்ல வழி வேலை கொடுப்பது. ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், ஒருவர் ஈரப் பஞ்சால் உதட்டை நனைக்கட்டும், மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வரட்டும். “மறுபடியும் பொண்ணா?” என்று பிரசவ வார்டில் ஒரு கிழவி ஆரம்பித்தால், மருந்து நேரம் என்று சொல்லி வெளியே அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. தயங்காமல் பயன்படுத்துங்கள்.

ஏழாம் படி: அன்று ராத்திரியும் மறுநாளும்

ஸ்பைனல் போட்டவர், “கால் இல்லாத மாதிரி கீது” என்று கலங்குவார். மருந்து இறங்கச் சில மணி நேரம் ஆகும், முதலில் லேசான ஊசி குத்தல், அப்புறம் விரல் அசைவு என்று வரிசையைச் சொல்லுங்கள். கட்டை விரல் அசையும்போது கூப்பிடச் சொன்னால் அதற்காகக் காத்திருப்பார், கவலை குறையும். எதிர்பார்த்த நேரம் தாண்டியும் அசையவில்லை என்றால், அல்லது அசைந்த கால் மறுபடி மரத்தால், உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

“தலையைத் தூக்கினா தலைவலி வந்துடும்” என்று மிரட்டி நாள் முழுக்க அசையாமல் கிடத்துவது இன்னும் நடக்கிறது. மல்லாந்து கிடந்தால் அந்தத் தலைவலி வராமல் போகும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உங்கள் வார்டின் உத்தரவுப்படி படுக்க வையுங்கள், மிரட்டலை மட்டும் விட்டுவிடுங்கள். எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறைகிற தலைவலி, பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் வரும். அது ஸ்பைனல் தலைவலியாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. “சும்மா டென்ஷன்மா” என்று ஒதுக்க வேண்டாம்.

கையை மட்டும் மரக்க வைத்தவர்களுக்கு மருந்து இறங்குவது பெரும்பாலும் ராத்திரியில், அப்போது வலி ஒரேயடியாக வரும். அது வருமுன் மாத்திரை கொடுக்கலாமா என்று சாயங்காலமே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். மரத்த கையில் சூடான டீ கொட்டினால்கூடத் தெரியாது என்று கூட இருப்பவரிடம் சொல்லுங்கள்.

“எப்ப வேலைக்குப் போலாம்?” என்ற கேள்வி மறுநாள் காலையே வரும். கடலுக்குப் போகிறவர்களில் சிலர் தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளப் பார்ப்பதே இந்தக் கணக்கில்தான். “முதல்ல உடம்பைப் பாருங்க” என்பது அவருக்குப் பதில் ஆகாது. தேதியை டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

யாராவது, “எனக்கு எல்லாம் கேட்டுச்சு, அசைய முடியல” என்று சொன்னால் கனவு என்று சொல்லி மூடிவிடாதீர்கள். அவர் சொல்வதை அப்படியே கேட்டு, அவருடைய வார்த்தைகளிலேயே எழுதி, அன்றே மயக்க மருத்துவருக்குத் தெரிவியுங்கள். மருத்துவர் வந்து நேரில் உட்கார்ந்து பேசுவதே பெரிய சிகிச்சை. வீட்டுக்குப் போன பிறகும் தூக்கம் கெடுவது, அதே காட்சி திரும்ப வருவது, ஆஸ்பத்திரி வாசலையே தவிர்ப்பது என்று தொடர்ந்தால் மனநல ஓ.பி.க்கு வரச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். டிஸ்சார்ஜ் சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

டியூட்டி மாற்றும்போது பிரஷர், டிரிப்ஸ், யூரின் அளவோடு இன்னும் ஒரு வரி சேருங்கள்: “6-ஆம் கட்டில், மயக்கத்தில் உளறிவிடுவோமோ என்று பயம், மனைவி முன்னால் கேட்க வேண்டாம்.” “11, இடது காது கேட்காது, வலப் பக்கம் நின்று பேசவும்.” “14, தாலி அம்மாவிடம் இருக்கிறது, பெயர் எழுதியிருக்கு, முழித்ததும் கேட்பார்.”